பெருநாளுக்கு முளைத்த வால்

ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் 'பிறை' என்றொரு சொல், பிறகு ஓர் எண். எங்கள் ஊர்ச் செய்தித் தளத்தின் முகவரியில் இந்த வால் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. காணும்போதெல்லாம் என் காதுக்குள் வெடிச் சத்தம் கேட்கும்.

அந்த இருபத்தொன்பதாம் நோன்பின் மஃரிப் அந்தியில் கல்முனைக்குடியே கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே வயல்பக்கம் அண்ணாந்து நின்றது. முகில் மூடிக்கிடந்தது. பிறை தென்படவில்லை, நாளையும் நோன்பு என்றுதான் பள்ளிவாசலிலிருந்து முதலில் அறிவித்தல் வந்தது. தளத்தில் அப்படியே எழுதினேன். இரவின் இஷா தொழுது முடிவதற்குள் வேறோர் ஊரில் பிறை கண்டாயிற்று, நாளை பெருநாள்! தளத்தைக் கட்டியெழுப்பியவர் என் பெரியம்மாவின் மகள், எனக்கு ராத்தா. தையல் மெசினுக்குப் பக்கத்தில் கணினியை வைத்துக்கொண்டிருந்தவர், கண்மூடித் திறப்பதற்குள் பக்கத்தை மாற்றினார். ஆனால் ஊரார் கைகளிலோ, ஒவ்வொரு போனும் விடாப்பிடியாக 'நாளையும் நோன்பு' என்றது. சிக்னல் இல்லாத இடத்திலும் சட்டென்று திறக்கட்டும் என்று, ஒருமுறை பார்த்த பக்கத்தைப் போன் தன்னிடமே பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

இறக்காமத்து வயலில் யானைக் காவல் குடிசையான வாடிக்குப் போயிருந்த மச்சான், ராத்தாவின் மாப்பிள்ளை, அவருக்குப் போனில் கோல் எடுத்தார்.

"என்ன புள்ள, பள்ளிச் சத்தம் எட்டாத காடு இது. ஒங்கட பக்கத்தில நோன்பு எண்டு கிடக்கு, நீ பெருநாள் எண்டுறாய். நான் பொஞ்சாதிய நம்புவன். இந்த வாடியில உள்ளவனுகள் நம்போணுமே!"

பெருநாளில் நோன்பு பிடிக்கக் கூடாது. வயல்வெளி வாடிகளிலெல்லாம் எங்கள் எழுத்தை நம்பி விடியுமுன் உண்ணும் ஸஹருக்குச் சோறு எடுத்து வைத்திருப்பார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்தாவோ சிரித்தார்.

"போனில பிழையில்ல. பழைய சோறு சட்டியில இரிக்கக்குள்ள வீட்டாளுக்கு ஆரு புதுசா ஆக்குற? வாசல்ல விருந்தாளி வந்து நிண்டாத்தான் அடுப்புப் பத்தும். ஓம், முகவரிய விருந்தாளியாக்குவம்."

பழைய முகவரியின் நுனியில் அந்த வாலை ஒட்டினார். எங்கள் தளத்துக்கு அது வெறும் வால்தான். கண்டுகொள்ளாமல் அதே பக்கத்தையே நீட்டும். போனுக்கோ அது முன்பின் அறியாத முகவரி. கையிருப்பில் இல்லாததால் ஓடிவந்து புதிதாகக் கேட்டே ஆகவேண்டும். வால் முளைத்த முகவரியை வாட்ஸ்அப் குழுக்களில் பறக்கவிட்டோம். நான் திறந்து பார்த்தேன்: 'ஈத் முபாரக்!'

மச்சானின் கோல் மறுபடியும் வந்தது. தக்பீர் முழக்கம், அதற்கு மேலால் படபடவென்று வெடி.

"யானைக்கு வெச்சிருந்த வெடியெல்லாம் பெருநாளுக்குப் போட்டுட்டானுகள் புள்ள!"

"யானை வந்தா என்ன செய்யிற?"

"ஒன்ட வாலக் காட்டுறன்!"

இப்போதெல்லாம் பக்கத்தைத் திருத்தியதும் தளம் தானாகவே எண்ணைக் கூட்டிக்கொள்கிறது. யாரும் ஒட்டத் தேவையில்லை. வேறு தளங்களின் முகவரிகளிலும் இப்படி வால்கள் நெளிவதைக் காண்கிறேன். அவற்றில் வேறேதோ சொற்கள். எங்களுடையதில் மட்டும் எண் எவ்வளவு ஏறினாலும் 'பிறை' மறைவதேயில்லை.