நிமிர்ந்தால் அவுட்

எண்பதுகளின் நடுவில் எங்கள் மாமா சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது அம்மாவுக்கு ஒரு ஃபிளாஸ்க்கும் எனக்கு ஒரு குடையும் என் தங்கைக்கு உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேமும் கொண்டுவந்தார். சின்னத் திரையில் மேலிருந்து பழங்கள் விழும். கூடையோடு நிற்கும் குட்டி மனிதனை இரண்டு பொத்தான்களால் இடமும் வலமும் ஓட்டி அவற்றைப் பிடிக்க வேண்டும். மூன்று தவறினால் ஆட்டம் முடிந்தது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. முதல் வாரம் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆடினார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவள் அதை யாருக்கும் தரவில்லை.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. நான் எட்டு வயது மூத்தவள். விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்புவேன். அப்பா பெரும்பாலும் ஒலக்கூர் பக்கம் நிலத்திலேயே தங்கிவிடுவார். அவளோடு போராடியதெல்லாம் அம்மாதான். எதற்குக் கூப்பிட்டாலும் தங்கை "இரு, ஒரு நிமிஷம்" என்பாள். அந்த ஒரு நிமிஷத்தில் பால் பொங்கி அடுப்பு அணையும். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். தலைவலி, கண்ணில் ஓயாமல் நீர். அம்மா ஒருமுறை அதைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கவும், பயந்துபோய் அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கண் டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரு சனிக்கிழமை அவளை விழுப்புரத்துக்கு வரச் சொன்னேன். அம்மா திண்டிவனத்தில் ரயிலேற்றி விடுவாள், நான் அங்கே பிளாட்பாரத்தில் நிற்பேன் என்று ஏற்பாடு. ரயில் வந்தது. விழுப்புரத்தில் பத்து நிமிஷம் நிற்கும். கூட்டத்தில் அவளைத் தேடிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தேன். லேடீஸ் பெட்டியிலும் எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர்களை நிற்பவர்கள் மறைத்தார்கள். இறங்கி வருவாள் என்றே இருந்தேன். ரயில் கிளம்பிப் போய்விட்டது. அவள் இல்லை.

வீட்டில் டெலிபோன் கிடையாது. கிளம்பவேயில்லையா, நடுவில் எங்காவது இறங்கிவிட்டாளா? ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடி, அங்கிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. அவர் அடுத்தடுத்த ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தார். நான் வாசலிலேயே நின்றேன். வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது.

"திருவெண்ணெய்நல்லூர் ரோட்டுல ஒரு பொண்ணு எறங்கி அழுதுகினு இருக்குதாம். பச்சைப் பாவாடை, தாவணி. உன் தங்கச்சிதானாம்மா?"

கண்ணீர் வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்புறம் ஏம்மா அழுவுற? அதான் கெடச்சிடுச்சே. எதிர் பாசஞ்சர்ல ஏத்தி அனுப்பறாங்க. போய் உக்காரு."

அந்தப் பாசஞ்சர் வர இரண்டு மணி நேரம் ஆனது. வந்ததும் ஒரு அறை விடுவதென்று முடிவு செய்திருந்தேன். முகம் வீங்கி அவள் இறங்கியதைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்ததோடு சரி.

"பத்து நிமிஷம் நின்னுச்சேடி வண்டி. அத்தினி பேரு எறங்குனாங்க, உனக்குத் தெரியலயா?"

"எழுநூறு தாண்டிட்டேன்க்கா. நிமிந்தா அவுட்டாயிடும்." சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். "எனக்கே பயமா இருக்குதுக்கா. உட்டுடணும்னுதான் பாக்குறேன். கை கேக்க மாட்டேங்குது." கேமை அவளே என் கைப்பையில் போட்டாள். "நான் கேட்டாலும் குடுக்காத."

டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய அன்று மாலையே கேட்டாள். நான் தரவில்லை. தட்டை விசிறினாள், கதவை அறைந்தாள், என்னைப் பேசாத பேச்செல்லாம் பேசினாள். நான் கல்லாக இருந்தேன். எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை ஒரு வாரம்தான். பைக்குள் இருக்கும் சாமான்தானே, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இன்ஸ்டிட்யூட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். மறுநாளும் எடுத்தேன். அதற்கடுத்த நாள் ஒரு மாணவி அடித்து முடித்த தாளோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் தலையைத் தூக்காமல், "இரு, ஒரு நிமிஷம்" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போய் முதல் வேலையாகத் தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

"நீயுமாக்கா?" என்றாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எவ்ளோ எடுத்த?"

"நானூத்திப் பத்து."

"அவ்ளோதானா?"

இருவரும் சேர்ந்து கேமை அம்மாவிடம் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு, ஆளுக்கு அரை மணி நேரம் என்று பேசிக்கொண்டோம். அம்மாவுக்கு எங்கள் இருவரில் யாரை நம்புவது என்று தெரியவில்லை.

மற்ற ஆறு நாள்தான் கஷ்டம். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா" என்பாள். உண்மைதான், கட்டைவிரல்கள் தாமாகத் துடிக்கும். விதைக்காக அப்பா நிலத்திலிருந்து மல்லாட்டை மூட்டை அனுப்பியிருந்தார். அம்மா ஒரு முறம் நிறையக் கடலையைக் கொட்டி அவள் முன்னால் வைத்தாள். உரித்தாள், திட்டிக்கொண்டே உரித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து உரித்தேன். கூடவே கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்தோம். ஒரு தடவை அம்மாவுக்குத் தெரியாமல் கேமைத் தேடி எடுத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் அவளே கொண்டுவந்து என் மடியில் போட்டு, "திட்டாதக்கா" என்றாள். நான் திட்டவில்லை.

தை பிறந்து ஒரு வியாழக்கிழமை. வேலையிலிருந்து திரும்பி வந்தேன். கூடத்தில் தங்கை நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு தோழி ஒருத்தியோடு உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ வடிவக் கணிதம், யார் போட்டது சரி என்று. அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கெழம அது கேம கேட்டுச்சா உன்ன?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"எங்கிட்டயும் கேக்கல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் காபியை ஆற்றினாள். கூடத்தில் சண்டை முற்றியது. "நீ போட்டதுதாண்டி தப்பு!" என்று என் தங்கை கத்தினாள். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தோம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் காபியை உட்கார்ந்து, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.