கண்ணாடிக்குள் நின்ற கோமாளி

ஸ்ரீரங்கத்தில் பொம்மலாட்டத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் வரப்போகிறது என்று தெரிந்ததும், எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த தோல்பாவைகளை அங்கே கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். என் மாமனார் திருவிழாக்களில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டியவை அவை. பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தது என் கணவர். எனக்கு அன்று ஸ்கூலில் தேர்வு வேலை.

அருங்காட்சியகம் திறந்து கொஞ்ச நாள் கழித்து என் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் ராஜாவும் ராணியும் சிவப்பும் பச்சையுமாக நின்றார்கள். பக்கத்தில் கோமாளி. கீழே என் மாமனார் பெயர்.

கோமாளியின் முழங்கையை ஒரு சமயம் எலி கடித்திருந்தது. ரவிக்கை தைக்கும் நீல நூலால் அதைச் சேர்த்துத் தைத்தவள் நான். கண்ணாடிக்குள் நின்றவன் கையில் தையலே இல்லை.

நான் யாரென்று சொல்லி, பொறுப்பாளரைக் கேட்டேன். சின்ன வயசுக்காரர். அவர் முகம் மாறியது.

“சுத்தம் பண்ணோம் மேடம். அதுல தெரியாம போயிருக்கும்.”

“தையல் எப்படிங்க போகும்? கொஞ்சம் திறந்து காட்டுங்க.”

“அப்படியெல்லாம் திறக்கக் கூடாது. டீ சாப்பிடுறீங்களா?”

நான் வேண்டுமென்று சொல்லுமுன்னே வந்த அந்த டீயில்தான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. நல்ல பாவையை எவனோ ஒரு வெளிநாட்டுக்காரனுக்குத் தள்ளிவிட்டு, வேறொன்றை மாட்டிவைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர், “விட்டுடு. கொடுத்தது கொடுத்ததுதான்” என்றார். கடையில் காய் நிறுப்பவர் கை அசைந்தாலே சண்டைக்குப் போகிற மனுஷர் அவர்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். “போலீஸ்ல சொல்லப்போறேன்” என்றதும் பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், பெட்டி வந்தப்பவே கோமாளி இல்ல. உங்க வீட்டு சார்தான் உங்ககிட்ட சொல்லாதீங்கன்னாரு. இது வேற ஊர்ல வாங்கினது.”

அங்கிருந்து நேராகத் துவாக்குடி பஸ் ஏறினேன். கணவருக்கு அங்கே சின்ன லேத் பட்டறை. மெஷின் சத்தத்தில் நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. அவர் மேஜைக்கு மேலே, எண்ணெய்ப் புகை படாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கோமாளி தொங்கினான். முழங்கையில் நீல நூல்.

“ஏங்க, என்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் மெஷினை நிறுத்தினார். “நீ எல்லாத்தையும் கொடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னே.” துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “அப்பா வீட்ல எங்ககிட்ட சிரிச்சுப் பேசினதே இல்ல. திரைக்குப் பின்னாடி இவனைக் கையில எடுத்தாத்தான் சிரிப்பு வரும். நானும் ஜனங்களோட மண்ணுல உக்காந்து கேட்டுட்டிருப்பேன்” என்றார்.

எனக்குக் கோபம் பாதிதான் இறங்கியது. ஒரு வேற்று மனிதரைத் திருடன் என்று நினைக்கவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாரே. மறுநாள் இருவருமாகப் போனோம். கணவர் பொறுப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டார். கோமாளிக்குக் கீழே இருந்த பெயரை எடுக்கச் சொன்னோம். எங்கள் கோமாளி பட்டறையிலேயே இருக்கட்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

“வேற ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?”

“சேச்சே, இல்லியே” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காது மடல் சிவந்திருந்தது.