பன்னிரண்டு மணி இரைச்சல்

சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை தலைவலியா என்று கணவர் கேலி செய்வார். கோப்புகளைச் சுருக்கும் ஓர் இலவச மென்பொருளை ஒன்பது வருடமாக அவள் கட்டிக்காத்து வந்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் எந்தக் கம்பைலர் வரை, எந்தக் கணினி வரை தாங்குவது என்ற முடிவு மட்டும் அவள் தலையில்தான் விழும்.

இந்த முறை கழற்றிவிட வேண்டியது ஒரு பழங்காலக் கணினிவகை. அது ஒன்றுக்காகப் பழைய கம்பைலரைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டியிருந்தது. இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று பொதுவில் கேட்டு, வழக்கப்படி முப்பது நாள் காத்திருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் தினமும் பகல் பன்னிரண்டுக்கு அந்த வகைக் கணினி ஒன்றில் சோதனை ஓடி, 'எல்லாம் சரி' என்று அறிக்கை வந்துகொண்டே இருந்தது. அனுப்புநர் பெயர் நத்தை.

நத்தை இந்த மென்பொருளில் அவளுடைய கூட்டாளி. மற்றவர்கள் கணினி இரண்டு நிமிடத்தில் முடிப்பதை அவருடையது நாற்பது நிமிடம் இழுக்கும். அந்தக் கிண்டலையே அவர் பெயராக வைத்துக்கொண்டார். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அறிக்கை மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. அதைத் திறந்த வேகத்திலேயே மூடிவிடுவாள். ஆள் போன வீட்டில் யார் அந்தக் கணினியை ஓடவிடுகிறார்கள் என்று கேட்கவும் துணிவில்லை.

திங்கட்கிழமை காலை, முப்பது நாள் விதியைக் காட்டி அந்த வகையை நீக்கினாள். பயம்தான் பாதிக் காரணம். பன்னிரண்டு அடித்ததுமே அறிக்கை வந்தது. முதல்முறையாக, 'முடியவில்லை'.

சற்று நேரத்தில் நத்தையின் மனைவி போன் செய்தார்.

"அந்த மெஷின் இன்னைக்கு ஒரு நிமிஷத்துலயே அடங்கிடுச்சும்மா. தூசி தட்டுறப்ப நான் எதையாவது பண்ணிட்டேனா?"

விசிறி இரையும் அந்த நாற்பது நிமிடமும் கணவர் உள்ளே வேலையாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொள்வாராம். அறைக் கதவைச் சாத்திவைத்துச் சமைப்பாராம். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும் என்றும் அவரே சொன்னார்.

இவள் தன் கணினியைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைக்கா. கொடுத்த வேலை தீர்ந்துபோச்சு. நாளைக்கு வேற வேலை குடுத்துடறேன்."

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நத்தை முன்பே தந்திருந்த கடவுச்சொல்லால் தன் வீட்டிலிருந்தே அந்தக் கணினிக்குள் போனாள். பழைய பதிப்பையே தினமும் புதிதாக உருவாக்கிச் சோதிக்கும்படி மாற்றினாள். யாருக்கும் பயன்படாத சோதனைக்கு அறிக்கை எதற்கு, நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். கை வரவில்லை. தன் முகவரிக்கு மட்டும் திருப்பிவிட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தது.

எல்லாம் சரி என்றார் நத்தை.