அவிழ்த்த மாலை

ரயில்வே குமாஸ்தா நாகநாதனின் மனைவி வள்ளிநாயகி கட்டும் மல்லிகை மாலைக்குப் பினாங்கு முழுவதும் பேர். 1926இல், புத்தரின் திருநாளான வெசாக் அன்று, அடுத்த வீட்டுச் சிங்களப் பெண் சோமாவதியோடு புத்த விகாரைக்கும் ஒரு மாலை கட்டிக்கொண்டு போனாள். அங்கே எல்லோரும் உதிரிப்பூவையே தட்டில் வைத்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது.

"என்ர மாலைக்கு என்ன குறை?"

"குறையில்லை அக்கா. பகவான் எண்டால் எங்களுக்கு ஆசைக் கட்டெல்லாம் அறுத்தவர். அதாலதான் கட்டாத பூ வைக்கிறம்."

"எங்களுக்குச் சகல ஐசுவரியமும் உடையவர். அதாலதான் மாலை" என்றாள் வள்ளிநாயகி விறைப்பாக. பிறகு அங்கேயே உட்கார்ந்து, ஒரு பூவும் கசங்காமல், முடிச்சு முடிச்சாக அவிழ்த்துத் தட்டை நிரப்பினாள்.

"இப்பிடி அவிழ்க்கிறதும் கட்டினவளாலதான் ஏலும்" என்று நிமிர்ந்தாள்.