டெலி என்றால் தொலைவு

பி.யு.சி. சேர்ந்த வருஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மீஞ்சூரில் ரயிலேறிப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் எங்கள் தெருவில் நான்தான். அங்கே ஆங்கில ஆசிரியர் ஒருநாள் ‘டெலி’ என்ற முன்னொட்டைப் பற்றியே பாடம் நடத்தினார். கிரேக்கச் சொல்லாம், தொலைவு என்று அர்த்தமாம். டெலிபோன் தொலைவிலிருந்து வரும் குரல், டெலஸ்கோப் தொலைவைப் பார்ப்பது. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

ஆள் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு அக்காவுக்குத் தந்தி வந்தது. எங்கள் பக்கத்தில் தந்தி என்றாலே சாவுதான். பிரித்துப் பார்க்கும் வரை காத்திருக்க மாட்டார்கள். பியூன் சைக்கிளை நிறுத்தியதுமே அக்கா மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

“இன்னா தம்பி எழுதிக்குது? எங்க நைனாவா?” என்றாள் அக்கா.

அரை நிமிஷ வேலை. நான் என்ன செய்தேன்? உறையைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தேன்.

“மொதல்ல அழுவறத நிறுத்துங்க. டெலின்னா கிரேக்க பாஷையில தொலைவு, கிராம்னா எழுத்து. தூரத்துலேர்ந்து வந்த எழுத்து, அவ்ளோதான். இதுல சாவு எங்க வந்துச்சு? எதுக்கு ஒப்பாரி வச்சிக்கினு கீறீங்க?”

அழுகை நின்றது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த ருசி விடவில்லை. டெலிபோன், டெலஸ்கோப் என்று தொடங்கி டெலிபதி வரைக்கும் போனேன். தந்திக்குப் பயப்படுகிறவர்களைக் கேலி வேறு செய்தேன், சனியன் பிடித்தவன்.

ஸ்டேஷன் பக்கம் பட்டணத்து ரயில் கூவிக்கொண்டு புறப்பட்டது. அதற்கப்புறம்தான் உறையைக் கிழித்தேன். பள்ளிப்பட்டிலிருந்து அக்காவின் அண்ணன் கொடுத்த தந்தி. அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு.

உடனே படித்திருந்தால் அந்த ரயிலைப் பிடித்திருப்பாள். அடுத்த ரயிலில் பட்டணம் போய் வண்டி மாறியவளுக்குத் திருத்தணியில் பள்ளிப்பட்டுக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் காலை ஊர் போய்ச் சேர்ந்தபோது நைனா இல்லை. நினைவு இருந்தவரை வாசலைப் பார்த்து அவளைத்தான் கேட்டாராம்.

காரியம் முடிந்து திரும்பியவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒளிந்து திரிந்தேன். நாலாம் நாள் அவளே பிடித்து நிறுத்தினாள்.

“ரயிலு கெடைக்கல, என் தலையெழுத்து. நீ இன்னா பண்ணுவ தம்பி? அன்னிக்கி நீயாச்சும் நாலு வார்த்தை சொல்லி என் அழுகைய நிறுத்துன. நல்லாருப்ப.”

இதை எழுதும்போதும் கூசுகிறது. இல்லை அக்கா, என்னால்தான் என்று நான் சொல்லவில்லை. தலையை ஆட்டி அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.