கம்ப்யூட்டர் கட்டிய அசரியா சார்

நான் சொல்லப்போவது நூற்றுக்கு நூறு நடந்த கதை. என் ஆட்டோ மேல் சத்தியம். ஆனால் சொல்கிறவன் நான் என்பதால் அங்கங்கே கொஞ்சம் காற்று அடித்திருப்பேன். காற்று இல்லாமல் ஆட்டோவே ஓடாது, கதை மட்டும் எப்படி ஓடும்? எங்கெங்கே அடித்தேன் என்று கேட்டால் ஒப்புக்கொள்வேன். எல்லா இடத்திலும் கேட்காதீர்கள்.

கேம்ப் ரோடு டீக்கடையில்தான் இதைச் சொன்னேன். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பட்டாபிராமன் சார், இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் புதுசாக வாங்கிய ஸ்கூட்டரில் கிளம்பி, வழியில் டீக்கு நின்றிருந்தார். இன்னொருவன் கிரீஷ். நாவலூரில் ஐ.டி. வேலை, கம்பெனி வேனுக்காக நின்றிருந்தான்.

"ஷோரூமுக்குப் போய் ரெடிமேடா ஒண்ணு தூக்கிண்டு வந்துடப் போறேன்" என்றார் சார்.

"வேணாம் சார். பார்ட்ஸ் தனித்தனியா வாங்கி அசெம்பிள் பண்ணுங்க. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்றான் கிரீஷ்.

"உள்ள என்ன இருந்தா எனக்கென்ன? மிக்ஸியைப் பிரிச்சுப் பாத்துட்டா சட்னி அரைக்கறோம்?"

இரண்டு பேரும் தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். நான் மூன்றாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதன் மேல் காபி சிந்தக் கூடாது என்பது மட்டும்தான். ஆனால் சொந்தக் கையால் கம்ப்யூட்டர் கட்டிய ஒரு மனுஷனை என் ஆட்டோவில் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

"இன்னாத்துக்கு சண்ட? அசரியா சார் கதைய சொல்றேன், கேட்டுக்கினு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன்.

அசரியா சாருக்கு செம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு. ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. மனைவி ஞானஜோதி டீச்சர். அவரைத் தினமும் பள்ளிக்கூடத்தில் விடுவது நான்தான். ஒரே பெண் ஜெரூஷா, பொத்தேரி காலேஜில் அனிமேஷன் படிக்கிறாள். சார் தங்கமான மனுஷன். குடி இல்லை, பீடி இல்லை, எறும்பு கடித்தால்கூட அதனிடம் ஸாரி கேட்பார். ஒரே ஒரு வியாதிதான். புதுசாக எதை வாங்கினாலும் அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க மாட்டார்.

டிவி ரிமோட் கவருக்குள் இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டிய நீலத் தாள் அப்படியே இருக்கும். மெத்தையில் படுத்துப் புரண்டால் கருவாட்டுக் கடையில் பொட்டலம் கட்டுவது போல் சரசரக்கும். சோபாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சித்திரை மாதத்தில் உட்கார்ந்து எழுந்தால், ஒட்டின வேர்வை பிரிந்து 'பர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு தடவை பாஸ்டர் வந்து ஜெபம் முடித்து எழுந்தபோது அந்தச் சத்தம் வந்துவிட்டது. ஆமென் சொல்ல வாயைத் திறந்தவர்கள் அத்தனை பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பாவம் பாஸ்டர், அடுத்த தடவை வந்தபோது நின்றபடியே ஜெபம் செய்தார். பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோதுகூட சார் கவரோடுதான் நீட்டினார் என்று நான் சொல்லித் திரிவேன். அது நான் அடித்த காற்று.

ஒருநாள் சவாரியில் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன். "இன்னா சார் இது? அல்லாத்துக்கும் கவர் போட்டுக்கினு கீறியே, அதுக்கு மூச்சு முட்டாதா?"

சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்ல ஆறு பசங்கப்பா. நான் கடைசி. சட்டை, செருப்பு, சிலேட்டு எல்லாம் அஞ்சு பேர் தேச்சதுக்கு அப்புறம்தான் என்கிட்ட வரும். முழு பென்சில்னு ஒண்ண நான் பார்த்ததே இல்ல. கவர் இருக்கற வரைக்கும் அது வேற யார் கையும் படாதது. அவ்வளவுதான்."

நாக்கு நுனி வரை வந்திருந்த ஜோக் அப்படியே யூ டர்ன் போட்டுத் திரும்பிவிட்டது.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் கம்ப்யூட்டர் பேச்சு வந்தது. ஜெரூஷாவுக்குக் கடைசி வருஷம். ஏரியில் நிற்கும் ஒரு கொக்கைப் பற்றி அவளாகவே ஒரு பொம்மைப் படம் செய்து காலேஜில் கொடுக்க வேண்டும். அவளுடைய பழைய லேப்டாப் அந்தக் கொக்கைத் தூக்க முடியாமல் இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தது. டீச்சர், ஷோரூமில் ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார். ஜெரூஷா போய்ப் பார்த்து ஒன்றைப் பிடித்தும் வைத்திருந்தாள்.

சார் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெடிமேட்ல எவன் கை பட்டுச்சோ யாருக்குத் தெரியும். தனித்தனியா வாங்கினா ஒவ்வொண்ணும் சீல் பிரிக்காம வரும். என் பொண்ணுக்கு நானே மாட்டித் தரேன்."

"உங்களுக்கு கம்ப்யூட்டர் வேணுமா, கவர் வேணுமா? அத முதல்ல சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"அப்பா செய்யட்டும்மா. ஆசையா கேக்கறாரு" என்று சொல்லி, ஷோரூமுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொன்னவள் ஜெரூஷாதான்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் இருந்து எல்லாவற்றையும் ஏற்றி வந்தது என் ஆட்டோ. ரயிலில் வந்தால் நசுங்கிவிடுமாம். ஒவ்வொரு டப்பாவையும் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாப்பா, மெதுவா" என்றே வந்தார். குரோம்பேட்டையில் ஒரு கல்யாண ஊர்வலம் எங்களை ஓவர்டேக் செய்து போனது. கொஞ்சம் காற்றுதான். ஆனால் ஒரு சைக்கிள்காரர் முந்தியது நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, கட்டிலில் வெள்ளை விரிப்பு போட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மாட்டினார். சாயங்காலம் ஸ்விட்ச் போட்டதும் உள்ளே விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, திரையில் எழுத்து வந்ததாம். டீச்சரே கை தட்டினாராம். மறுநாள் எனக்கும் கேக் கிடைத்தது. சாரின் நடையே மாறிவிட்டது. முன்னெல்லாம் ஆட்டோவில் ஓரமாக உட்காருவார், அந்த வாரம் நடு சீட்டில் உட்கார்ந்தார்.

அந்த நடு சீட்டுக்கு ஆயுசு கம்மி. சின்ன வேலை கொடுத்தால் கம்ப்யூட்டர் செய்தது. ஜெரூஷா தன் கொக்குப் படத்தை மொத்தமாகக் கோர்த்து முழுப் படமாக எடுக்கப் போனால் மட்டும், கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, பட்டென்று அணைந்தது. பெட்டியைத் தொட்டால் சுட்டது. மேலே தோசை ஊற்றலாம் என்று நான் ஸ்டாண்டில் சொன்னேன். தோசை காற்று, சூடு நிஜம்.

சார் கரண்டைச் சந்தேகப்பட்டார், ஸ்டெபிலைசர் வந்தது. காற்றோட்டத்தைச் சந்தேகப்பட்டார், கதவைத் திறந்து டேபிள் ஃபேன் வைத்தார். அப்புறம் ஏசி அறைக்கே மாற்றினார். கம்ப்யூட்டர் ஏசியில் இருந்தது, அவர் ஹாலில் வேர்த்து ஊற்றப் படுத்தார். அப்போதும் அது அணைந்தது, திரும்ப ஹாலுக்கே வந்தது. திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை காலையில் டீச்சர் எனக்கு போன் போட்டார். "ஷோரூம் போகணும்பா, வண்டிய எடுத்துட்டு வா."

போய் ஹாரன் அடித்தேன். மேலே வரச் சொன்னார்கள், ஸ்டெபிலைசரை நகர்த்த ஆள் வேண்டும் என்று. உள்ளே போனால் சாவு வீடு மாதிரி இருந்தது. சார் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெரூஷா தோளில் பையோடு நின்றாள், கண் சிவந்திருந்தது.

"ஒரு மணி நேரம் குடு கண்ணு. பாத்துடறேன்" என்றார் சார்.

"திங்கட்கிழமை குடுக்கலன்னா ஒரு வருஷமே போயிடும்பா." அவள் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "உங்க மேல கோவம் இல்லப்பா. நீங்க எனக்காகத்தான் செஞ்சீங்க. ஆனா நான் கிளம்பணும்."

கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். கோபம் இல்லை என்றதும் சார் தலை தொங்கிவிட்டது. நான் ஸ்டெபிலைசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

டீச்சர் சோபாவில் இருந்து எழுந்தார். 'பர்ர்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம்தான் அவரைக் கிளப்பிவிட்டது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கேன். இந்த வீட்ல எத மூச்சு விட விட்டிருக்கீங்க? மெத்தைக்கு கவர், ரிமோட்டுக்கு கவர். இந்த கம்ப்யூட்டருக்கும் உள்ள எங்கயாவது ஒரு கவரைப் பிரிக்காம வெச்சு மூடியிருப்பீங்க. அதான் வெந்து சாகுது."

வயிற்றெரிச்சலில் சொன்னதுதான். ஆனால் சார் தலையைத் தூக்கினார். 

"ஞானம்" என்றார். "ஒண்ணு இருக்கு."

"என்ன இருக்கு?"

கம்ப்யூட்டருக்குள் மூளை மாதிரி ஒரு சில்லு இருக்குமாம். அதுதான் கொதிக்கும். அந்தச் சூட்டை உறிஞ்ச அதன் தலை மேல் விசிறியோடு ஒரு செப்புக் கட்டியை வைத்து அழுத்துவார்களாம். அந்தச் செம்பின் அடியில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு கவர் ஒட்டியிருந்ததாம்.

"மாட்டறதுக்கு முன்னாடி பிரிக்கணும்னு அதுலயே போட்டிருந்துது. படிச்சேன். செம்பு புத்தம் புதுசா பளபளன்னு இருந்துது. உள்ளதானே போகுது, இருந்துட்டுப் போகட்டும்னு..."

"படிச்சுட்டுமா?"

"படிச்சுட்டுதான்."

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "சார், குளிக்கறதுக்கு ரெயின்கோட்டு போட்டுக்கினு நின்ன மாதிரி கீதே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஜெரூஷா பையைத் தோளில் இருந்து எடுக்காமலே ஸ்க்ரூடிரைவரை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள்.

சார் பெட்டியைத் திறந்து, செப்புக் கட்டியைக் கழற்றித் திருப்பினார். கவர் அங்கேதான் இருந்தது, சூட்டில் சுருங்கி, மேலே சூட்டைக் கடத்தப் பூசிய சாம்பல் நிறப் பசை அப்பிக்கொண்டு. பசையைத் துடைத்துவிட்டு ஓரத்தில் நகத்தை வைத்தார். வரவில்லை. மறுபடி வைத்தார். வழுக்கியது. வாழ்க்கையில் ஒரு கவர்கூடப் பிரித்திராத கைக்கு அந்த வித்தை எப்படித் தெரியும்? டீச்சர் நினைத்திருந்தால் பிடுங்கி ஒரு இழுப்பில் பிரித்திருப்பார். செய்யவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மூலையில வைங்க. நகத்தால சுரண்டாதீங்க, மெதுவா தூக்குங்க. ம், இப்ப இழுங்க."

பிரிந்தது. அந்தச் சத்தம் பெருங்களத்தூர் வரை கேட்டது. சரி, ஏரிக்கரை வரை. சரி, நிஜத்தைச் சொன்னால் சத்தமே வரவில்லை. சார் விட்ட மூச்சுதான் கேட்டது.

ஊசிக்குழலில் மிச்சம் இருந்த பசையைச் சில்லு மேல் வைத்து, கட்டியைத் திரும்ப மாட்டி, ஸ்விட்ச் போட்டார். ஜெரூஷா நின்றபடியே கொக்குப் படத்தை ஓட விட்டாள். கம்ப்யூட்டர் உறுமியது. எப்போதும் அணைகிற நேரம் வந்தது.  கீழே என் ஆட்டோ வழியை மறிக்கிறது என்று எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அணையவில்லை.

ஜெரூஷா பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சுடலப்பா" என்றாள். பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். திரையில் கொக்கு ஒவ்வொரு இறகாக எழும்ப ஆரம்பித்தது. சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் என்னைப் பார்த்து, "ஷோரூம் வேணாம்பா. காபி குடிக்கறியா?" என்றார்.

நான் காபி குடிக்கும்போது ஜெரூஷா கேட்டாள். கம்ப்யூட்டர் பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி. அதன் மேலும் ஒரு கவர், புகை படிந்த மாதிரி மங்கலாக. "அப்பா, இதையும் எடுக்கட்டுமா? நீங்க மாட்டினது எதுவும் வெளிய தெரியவே மாட்டேங்குது."

சார் கவர் வரை கையைக் கொண்டுபோய்ப் பின்னால் இழுத்துக்கொண்டார். 

"எடு கண்ணு" என்றார்.

அவள் ஒரே இழுப்பில் பிரித்தாள். உள்ளே ஒயர்களை எல்லாம் வகிடு எடுத்துப் பின்னின சடை மாதிரி கட்டி வைத்திருந்தார் மனுஷன். அதுவரை அதை யாரும் நின்று கவனித்ததே இல்லை. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவர் பார்வை மெதுவாகத் திரும்பி சோபா மேல் போனது.

"அது வேணாம் ஞானம்" என்றார் சார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல வேணாம்."

திங்கட்கிழமை படம் காலேஜுக்குப் போய்விட்டது. கதை முடிந்தது என்று டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பாத்தியா?" என்றார் பட்டாபிராமன் சார். "ரெடிமேட் வாங்கியிருந்தா இந்த அவஸ்தையே கிடையாது."

"ரெடிமேட்ல பிரச்சினை வந்தா யாராவது ஒருத்தன் வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கணும் சார். அவரே கட்டினதாலதான் அவராலயே கண்டுபிடிக்க முடிஞ்சுது" என்றான் கிரீஷ்.

"அவர் எங்கடா கண்டுபிடிச்சார்? அந்தம்மா கத்தினதுல கண்டுபிடிச்சது. உனக்குத்தான் கத்தறதுக்கு ஆம்படையாளும் கிடையாது."

"என் கல்யாணத்த ஏன் சார் இழுக்கறீங்க?" என்று திரும்பிய கிரீஷின் கண் பட்டாபிராமன் சாருடைய ஸ்கூட்டர் மேல் விழுந்தது. மீட்டர் மேல் கம்பெனி ஒட்டிய கவர், மூலையில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. "சார், இது என்ன?"

"கையை எடு."

"ஓரம் தானா வந்திருக்கு சார். ஸ்பீடு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும், எடுடா கையை."

கிரீஷ் இழுத்ததில் சர்ரென்று ஒரு சத்தம். இதில் நான் துளிக் காற்றும் அடிக்கவில்லை, கேம்ப் ரோடே திரும்பிப் பார்த்தது. சார் கிரீஷின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கொத்தாகப் பிடித்து, "ஒட்டு, இப்பவே திரும்ப ஒட்டு" என்றார். "கார்ட விடுங்க சார், ஒட்டாது சார்" என்றான் கிரீஷ். கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. "டீ காசு யாரு குடுக்கறது?" என்று கடைக்காரர் கேட்டார். அதற்கு இரண்டு பேரும் சண்டையை நிறுத்தாமலே என்னைக் கை காட்டினார்கள்.