ஆகஸ்டில் அடித்த மணி

"ஒங்க அண்ணன் காலையில எழுந்திரிக்கலப்பா" என்று அண்ணி போனில் சொன்னபோது புத்தாண்டு பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஒரு வார்த்தையையும் நயமாக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

தேவசகாயம் அண்ணனை நம் சபையார் எல்லாருக்கும் தெரியும். புத்தாண்டுக் காலை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தால், ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை மாதவாரியாக நன்றி சொல்வார். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர் பேர்கூட அதில் வரும். "மொத்தமா ஸ்தோத்திரம்னா எதுக்குன்னு ஆண்டவரு எடுத்துக்குவாரு? பேரு சொல்லிச் சொல்லணும்டா" என்பார். எழுதி வைக்க மாட்டார். டிசம்பர் கடைசி வாரம் காலை நடையில் என்னிடம் ஒப்பிப்பார். அவர் நோட்டுப் புத்தகம் நான்தான்.

செராமிக் கம்பெனியில் இருவரும் சூளை வேலை பார்த்தோம். ஒருமுறை ஆறுவதற்குள் நான் சூளைக் கதவைத் திறந்துவிட்டேன். குளிர்காற்றுப் பட்டதும் பீங்கான் ஒவ்வொன்றாக 'டிங் டிங்' என்று விரிசல் விட்டது. மேஸ்திரி ஓடி வந்தார். "நான்தான் தொறந்தேன்" என்றார் அண்ணன். என்னிடம், "வேவ நேரம் குடுத்தியே, ஆற நேரம் குடுத்தியாடா, அவசரக்குடுக்க?" என்றார். அந்த வருடச் சாட்சியில், "ஜூலை மாசம் என் தம்பி சூளையத் தொறந்துட்டான். வேலை போவல. ஸ்தோத்திரம்" என்று போட்டு உடைத்தார். சபையே சிரித்தது.

இந்த வருடம் கமிட்டி ஒரு சட்டம் போட்டது. சாட்சிக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம், அப்புறம் மணி. கேக் வெட்ட நேரமாகிறதாம். செயலாளர் மணியை என் கையில் திணித்தார்.

"பெரியவரே, நான் கையக் காட்டுனா அடிங்க. நீங்க அடிச்சா அவரு கோச்சிக்க மாட்டாரு."

நானும் பெரிய மனுஷனாட்டம் வாங்கிக்கொண்டேன். அண்ணன் ஆகஸ்டு மாதத்தில் இருந்தார். செயலாளர் கை எழுந்தது. அடித்தேன்.

பாதி வார்த்தையில் நிறுத்தி என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும், "நல்லாத்தான்டா அடிக்கிற. மீதி நாலு மாசத்த அடுத்த வருசம் சேத்துச் சொல்லிக்கிறேன்" என்று சிரித்தார்.

அடக்கத்தன்று அவருடைய நன்றியுள்ள வாழ்வைப் பற்றிச் செயலாளர் பேசினார். பெட்டிமேல் வைத்த மாலை வாடும்வரை பேசினார். பன்னிரண்டு மாதம் கொடுத்த ஆண்டவருக்கு இரண்டு நிமிடம், கமிட்டிக்கு முக்கால் மணி நேரமா? மணி என் பையில்தான் இருந்தது. அன்றைக்கு அடித்திருக்க வேண்டும். அடிக்கக் கூடாத நாளில் அடித்த கை, அன்றைக்கு எழவில்லை.

மணியைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அதன் நாக்கைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன். என்னிடம் இருப்பது அந்த நாலு மாதம். அடுத்த புத்தாண்டில் நான் எழுவேன், யார் கை காட்டினாலும் உட்கார மாட்டேன். அதுவரை உயிர் இருக்குமோ என்னவோ, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர்: கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போய்க் கூடவே இருந்த ஆட்டோக்கார பாபு. அக்டோபர்: கூரை ஒழுகியபோது தார்ப்பாய் கொண்டுவந்து கட்டிய எதிர்வீட்டுக் கலா. நவம்பர்: காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்த அண்ணி. டிசம்பர்: "என் தம்பி. தெனமும் கூட நடந்தான். ஸ்தோத்திரம்."